கூட்டாமல், குறைக்காமல்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள் காலையில் மதினி அடுப்படி வாசலில் வந்து நின்று, "வெஞ்சனம் என்ன?" என்று கேட்டார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா.

"கத்தரிக்காயும் கருவாடும் மதினி" என்றேன்.

"கத்தரிக்காயும் கருவாடும். சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம், "குழாயில தண்ணி எப்ப வரும்?" என்றார். நாலு மணிக்கு என்றேன். "நாலு மணிக்கு. சரி." பூக்காரம்மா வந்தாளா என்றார். வரலை என்றேன். "வரலை. சரி." புதுப்பெண்ணுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். எனக்கு வாயும் நீளம், ரோஷமும் அதிகம். சாயங்காலம் வீட்டுக்காரரைத் தனியாகப் பிடித்து, "உங்க அக்காவுக்கு என்னையப் புடிக்கலைன்னா நேரா சொல்லச் சொல்லுங்க. எதுக்கு நான் சொல்றதையெல்லாம் சொல்லிக் காட்டுறாங்க?" என்று மூக்கைச் சிந்தினேன்.

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா எல்லார்கிட்டயும் அப்படித்தான். காதுல விழுந்ததைத் திருப்பிச் சொல்லும். தப்பா விழுந்திருந்தா நீ திருத்தணும். அதோட வேலையில அப்படி ஒரு வழக்கம். பொண்ணு பாக்க வந்தவங்க சுத்தி வளைச்சுப் பேசுனதைக் கேட்டுட்டு, 'கல்யாணம் முடிஞ்சதும் நான் வேலைய விடணும். சரிதானா?'ன்னு கேட்டுச்சு. வந்தவங்க காப்பியக் குடிச்சுட்டுக் கம்முனு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

அதற்குப் பிறகு மதினிக்கு வரன் எதுவும் திகையவில்லை என்று எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. லீவுக்கு வந்தால் ஒரு வாரம் இருப்பார், தோப்பில் நடப்பார், மாதா கோயில் பூசைக்குப் போவார், கிளம்பிவிடுவார்.

கர்நாடகத்தில் ஒரு தரை நிலையத்தில் வேலை. பெரிய பெரிய டிஷ் வைத்து, வானத்தில் சுற்றுகிற கலங்களோடு பேசும் இடம் அது. மதினி இருந்தது ரிலே சாட்டிலைட் பிரிவு. அப்படியென்றால் என்ன என்று ஒருநாள் தோப்பில் வைத்துக் கேட்டேன். எங்கள் தோப்பு ஆத்தூர் போகிற வழியில் இருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மதினி வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சொன்னார்.

தாழ்வாகச் சுற்றுகிற கலம் ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தையே ஒரு சுற்று வந்துவிடுமாம். ஒரு ஊரில் இருந்து பார்த்தால் அது பத்து நிமிஷம் தெரிந்தாலே பெரிசு. பிறகு மறைந்துவிடும். மறைந்தபின் அதற்கு என்ன ஆனாலும் நமக்குத் தெரியாது. அதனால் ரொம்ப உயரத்தில், நம் தலைக்கு மேல் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இன்னொரு சாட்டிலைட்டை வைக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் பாதி உலகம் தெரியும். கலம் போகிற திசையெல்லாம் அதன் டிஷ் திரும்பிக்கொண்டே இருக்கும். கலம் மேலே அதனிடம் பேசும். அது கீழே நம்மிடம் பேசும்.

"அப்ப, நடுவுல நின்னு சேதி சொல்ற ஆளு அது" என்றேன்.

"ஆளு இல்ல, குழாய்." மோட்டார் குழாயின் மேல் வளைவைக் காட்டினார். "எங்க பாஷையில வளைஞ்ச குழாய்னுதான் சொல்லுவோம். இந்தப் பக்கம் ஏறுற தண்ணி அந்தப் பக்கம் விழுகுது. நடுவுல குழாய் ஒரு வாய் குடிக்குமா? கசக்குதேன்னு சீனி போடுமா? கூட்டாது, குறைக்காது. அதுக்கு அதுதான் மரியாதை."

"எந்நேரமும் கலம் அதுக்குத் தெரியுமா?"

"உலகத்துக்கு அந்தப் பக்கம் போறப்ப தெரியாது. அப்ப சத்தமே வராது. எத்தனை மணிக்கு மறையும், எத்தனை மணிக்கு வரும்னு எழுதி வச்சிருப்போம். மறையுறதுக்கு நாங்க பயப்படுறதில்ல. சேதி தப்பா வந்துரக் கூடாதுன்னுதான் பயம்."

வீட்டிலும் அப்படித்தான். மாமா, அதாவது என் மாமனார், காலையில் தோப்புக்குக் கிளம்பினால் மதினி மொட்டைமாடியில் போய் நிற்பார். "இப்ப புளியமரத்துக்கு அந்தாண்ட போயிட்டார். நாலு நிமிஷத்துல பம்பு செட்டுகிட்டத் தெரிவார்" என்பார். நான் துணி காயப்போட்டுக்கொண்டே பார்ப்பேன். நாலு நிமிஷத்தில் மாமாவின் வெள்ளைத் துண்டு பம்பு செட்டுக்குப் பக்கத்தில் தெரியும். மதினியின் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வரும். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். ஒரு கிழவர் தன் தோப்புக்கு நடந்து போவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பேன்.

மதினி அப்படி ஆனதற்கு வேலை மட்டும் காரணமில்லை என்று மாமாதான் ஒருநாள் சொன்னார். மதினி சென்னையில் காலேஜ் கடைசி வருஷம் படித்தபோது அத்தை, அவரின் அம்மா, திடீரென்று இறந்துவிட்டார். சொந்தத்தில் ஒருவர் ஹாஸ்டலுக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் முடியல. பயப்பட ஒண்ணும் இல்ல. வந்து பாத்துட்டுப் போ" என்றாராம். நம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அதைக் கேட்டதும் ஆள் போய்விட்டது என்று தெரிந்துவிடும். கட்டின துணியோடு கிடைத்த பஸ்ஸில் ஏறுவோம். மதினியோ சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். பயப்பட ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னார்கள்? மறுநாள் பரீட்சையை எழுதி முடித்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அம்மாவுக்கு ஜூஸ் பிழிந்து கொடுக்கலாம் என்று பை நிறையச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் மூடி அரை நாள் ஆகியிருந்தது.

பையோடு வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்து ஒரு பொம்பளை, "படிச்ச புள்ளைக்கு இதுகூடவா விளங்கல?" என்று கேட்டாளாம்.

"அன்னைக்கு அவ அழுகல ஆத்தா" என்றார் மாமா. அவருக்கு மருமகள் ஆத்தா, மகள் பாப்பா. "யாரு போன் பண்ணது, என்ன வார்த்தை சொன்னாங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டே இருந்தா."

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் நான் திருந்தினேனா? மதினிக்குப் பிடித்த செவலை ஆடு ஒன்று இருந்தது. பாம்பு தீண்டிச் செத்துப்போனது. ஊரை விட்டு ஊர் போய் உழைக்கிற மனுஷிக்கு இதைச் சொல்வானேன் என்று, "அய்யலூர் சந்தையில வித்தாச்சு மதினி" என்று சொல்லிவைத்தேன். வாங்கினவர் யார், நல்ல வீடா, குட்டி போட்டுச்சாமா என்று போன் பண்ணும்போதெல்லாம் கேட்பார். நானும் கூசாமல் குட்டி எல்லாம் போட வைத்தேன், அதுவும் ரெண்டு குட்டி. லீவுக்கு வந்தபோது மாமா உளறிவிட்டார்.

மதினி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஆறு மாசமா ஒரு செத்த ஆட்டை நல்லா இருக்கான்னு விசாரிச்சிருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அந்த லீவில்தான் என்னிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. போனில் மகள் குரல் விழாது. வாங்கிக் கொடுத்த காது மெஷினையும், "உள்ள கோழி கத்துது" என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அதனால் மதினி சொல்வதை நான் மாமாவின் காதருகே கத்திச் சொல்ல வேண்டும். மாமா சொல்வதை மதினியிடம் சொல்ல வேண்டும்.

"நீதான் எங்களுக்கு நடுவுல. அவர் சொல்றதை அப்படியே எனக்குச் சொல்லு. கூட்டாத, குறைக்காத. நல்லதோ கெட்டதோ, அது என்னோடது" என்றார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் யாரையும் தொட்டுப் பேசுகிறவர் இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், நாலு வருஷம் அந்த வேலையை நேர்மையாகச் செய்தேன். மாமாவுக்கோ வாய் சுத்தம் கிடையாது. "அந்தக் கழுதைய ஈஸ்டருக்காவது வந்து சேரச் சொல்லு" என்பார். படித்த நாத்தனாரிடம் இதை எப்படிச் சொல்வது? கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னேன்.

"அந்தக் கழுதைய ஈஸ்டருக்காவது வந்து சேரச் சொல்லு. சரி" என்றார் மதினி. குரலில் சிரிப்பு இருந்தது. "கழுதை வருதுன்னு சொல்லு."

"மாமா, கழுதை வருதாம்" என்று கத்தினேன். தெருவே கேட்டது. மாமா பொக்கை வாயைத் திறந்து சிரித்தார்.

இன்னொரு நாள் மாமாவுக்கு மனசு சரியில்லை. "நான் கண்ண மூடுனா அவளுக்கு யாரு இருக்கான்னு கேளு" என்றார். அதையும் அப்படியே சொன்னேன். மதினி திருப்பிச் சொன்னார். "நான் கண்ண மூடுனா அவளுக்கு யாரு இருக்கா. சரி." பிறகு, "நான் சந்தோஷமா இருக்கேன்னு சொல்லு. பொய் இல்லன்னு சொல்லு" என்றார். சொன்னேன். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ சொன்னா நெசந்தான்" என்றார். நான் ஒரு வார்த்தை மாற்றியிருந்தால்கூட அந்த நிம்மதி அவருக்குக் கிடைத்திருக்காது. அன்றைக்கு எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது.

மேலே இருக்கிற ரிலே சாட்டிலைட் வழியாகக் கீழே சுற்றும் ஒரு கலத்தோடு முதல்முறையாகப் பேசிப் பார்க்கப் போகிறோம், மூன்று வருஷ உழைப்பு என்று மதினி முன்கூட்டியே சொல்லியிருந்தார். காலையில் உள்ளே போனால் போனை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். போகும்முன் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன், வெளியே வந்ததும் கூப்பிடுகிறேன் என்றார்.

அன்று வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே தக்காளி லோடோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். மாமா கட்டிலில் உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார். சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. நெஞ்சில் கையை வைத்திருந்தார்.

"பாப்பாவ வரச் சொல்லு ஆத்தா. நெஞ்ச அடைக்குது. இப்பவே வரச் சொல்லு" என்றார்.

அப்போது போன் அடித்தது. மதினிதான்.

போனைக் காதில் வைத்த நேரம் என் மனசில் என்னென்ன ஓடியது என்று இப்போதும் தனித்தனியாகச் சொல்ல முடியும். மூன்று வருஷ உழைப்பு. இன்றைக்குப் பார்த்து இதைச் சொன்னால் அவர் கை எப்படி ஓடும்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். அதற்கெல்லாம் முன்னால் என் வாய் முந்திக்கொண்டது. பிறந்ததிலிருந்து பழகின வாய்.

"மாமா நல்லாத்தான் இருக்காரு மதினி. ராத்திரி சாப்புட்டது செமிக்கலையாம். உங்களைத் தேடுறாரு. வேலை முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"ராத்திரி சாப்பிட்டது செமிக்கல. என்னைத் தேடுறார். வேலை முடிஞ்சா வரணும்" என்று மதினி திருப்பிச் சொன்னார். பிறகு, "சரிதானா?" என்றார்.

திருத்துவதற்காகத்தான் அந்தக் கேள்வி. தப்பாக விழுந்திருந்தால் நான் திருத்த வேண்டும் என்பதற்காகத்தான் அவர் வாழ்நாளெல்லாம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரிதான் மதினி" என்றேன்.

பக்கத்து வீட்டுக் காரில் மாமாவைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், வயர் மாட்டினார்கள். கொஞ்சம் தெளிந்தார். "பாப்பாகிட்ட சொன்னியா?" என்றார். "சொல்லிட்டேன் மாமா, வந்துக்கிட்டே இருக்காங்க" என்று காதருகே குனிந்து சொன்னேன். அந்தப் பக்கமும் பொய், இந்தப் பக்கமும் பொய். ரெண்டு மணிக்கு மேல் அவர் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒவ்வொரு தடவை திரை விலகும்போதும் தலையைத் தூக்கினார். வந்ததெல்லாம் நர்சுகள்தான். நாலு மணிக்குப் போய்விட்டார்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தபோது மதினியின் போன் வந்தது. நான் வாசலை விட்டுத் தள்ளிப் போய் எடுத்தேன்.

"நல்லபடியா முடிஞ்சது. கலம் பேசுச்சு. நாங்க கேட்டதுக்கெல்லாம் பதில் வந்துச்சு" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "அப்பா எப்படி இருக்கார்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்புட்டு நடந்தபிறகும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "கொஞ்சம் சீரியஸா இருக்காரு மதினி. ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். வந்து பாத்துட்டுப் போங்க" என்றது.

"கொஞ்சம் சீரியஸா இருக்கார். ஆஸ்பத்திரியில…" என்று திருப்பிச் சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

கோயிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒன்று அடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்று. நான் போனைக் கையால் பொத்தினேன். பொத்தி என்ன பிரயோஜனம்?

"நீ ஆஸ்பத்திரியில இல்ல. நம்ம கோயில் மணி கேக்குது" என்றார் மதினி. "யாருக்கு அடிக்குது?"

நான் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்படியே சொல்லு."

"மாமா போயிட்டாரு மதினி."

"அப்பா போயிட்டார்" என்று மதினி திருப்பிச் சொன்னார். நான் திருத்துவேனா என்று காத்திருப்பதுபோலச் சற்று நிறுத்தினார். "சரி" என்றார்.

விடிந்ததும் வந்து இறங்கினார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. தோளில் ஒரு பை மட்டும். அடக்கம் முடியும்வரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தோப்பில் பம்பு செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன்.

"செமிக்கலைன்னு அப்பா சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு அப்படிப் பேச வராது" என்றார். "அன்னைக்குக் காலையில என்ன சொன்னார்?"

சொன்னேன். நாலு வருஷம் சொன்னதுபோல, ஒரு எழுத்து மாறாமல்.

"பாப்பாவ வரச் சொல்லு ஆத்தா. நெஞ்ச அடைக்குது. இப்பவே வரச் சொல்லு" என்று திருப்பிச் சொன்னார். மாமா பேசுகிற மாதிரியே இருந்தது. "மணி எத்தனை?"

"ஆறு பத்து இருக்கும்."

"கார்ல ஏழு மணி நேரம். ஒண்ணே காலுக்கு வந்திருப்பேன்." காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "எனக்குப் பதிலா உக்கார அன்னைக்கு ரெண்டு பேர் தயாரா இருந்தாங்க. எங்க வேலையில எல்லாத்துக்கும் ஒரு மாத்து உண்டு."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். "நீ எனக்கு நல்லதுதான் நினைச்ச" என்றார். அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. மதினி என்னிடம் சண்டை போடவில்லை, கோபப்படவில்லை. மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறார். "தென்னைக்கு மருந்து வச்சாச்சு மதினி" என்றால், "நல்லது" என்கிறார். "பெரியவன் பாஸாயிட்டான்" என்றால், "சந்தோஷம்" என்கிறார். நான் சொன்னதை ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்வதில்லை. எந்தப் பழக்கத்துக்காக முதல் நாள் மூக்கைச் சிந்தினேனோ, அதற்காக ஒவ்வொரு தடவையும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருக்கிறேன்.

போன வாரம் நானேதான் கூப்பிட்டேன்.

"மதினி, நேத்து ஸ்கேன் பண்ணாங்க. கர்ப்பப்பையில கட்டி இருக்காம். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொல்றேன். ஆபரேசன் பண்ணி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாத்தான் அது நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு தெரியும்னு சொன்னாங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். உயிர் பயம் ஒரு பக்கம். அதைவிட, இந்தத் தடவையாவது திருப்பிச் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. கட்டி இருக்கு, டெஸ்டுக்கு அனுப்பணும், சரிதானா என்று அவர் கேட்டுவிட்டால் போதும். மற்றதைத் தாங்கிக்கொள்வேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. பயப்படாத. எல்லாம் சரியாயிரும்" என்றார் மதினி.

அவ்வளவு கனிவாகச் சொன்னார். ஊரில் எல்லா வீட்டிலும் எல்லாரும் சொல்கிற சொல். அவர் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டதில்லை. நான்தான் அவருக்கு அதைப் பழக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"ஒண்ணும் இருக்காது. பயப்படக் கூடாது. எல்லாம் சரியாயிரும்" என்று அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொன்னேன். "சரிதானா மதினி?"

அந்தப் பக்கம் செத்த நேரம் சத்தமே இல்லை.

"சரிதான்" என்றார்.